லிஸ்பனில் மூன்று நாள்: ஆற்றை விட்டு ரொம்ப தூரம் போகாதீர்கள்

நீங்கள் கேட்டது: ஜூன் 11-ம் தேதி லிஸ்பனில் இறங்குகிறோம், 14-ம் தேதி மாலை விமானம், மனைவி, பத்து வயது மகள், மூட்டுவலி உள்ள அம்மா கூட வருகிறார்கள், போய்வந்தவர்களுக்கு அங்கே மிகவும் பிடித்தவை எவை, கடலோரத் தலைநகரம் என்கிறார்களே, கடலில் குளிக்க முடியுமா, பக்கத்து அரண்மனை ஊரான சிந்த்ராவையும் சேர்த்துக்கொள்ளலாமா. பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் உங்களுக்கு எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும், ஏற்கனவே கையில் ஒன்று வைத்திருப்பீர்கள். அதில் எதற்கு நேரம் கொடுத்தால் ஊரைப் பார்த்த மாதிரி இருக்கும், எதை விட்டால் நஷ்டமில்லை என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். நான் இங்கேயே குடியிருந்து, இந்தியாவிலிருந்து வரும் குடும்பங்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவதைப் பல வருடமாகத் தொழிலாகச் செய்து வருகிறேன். பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு இந்த மேடுகளில் ஏறி இறங்குவது அன்றாட வேலை என்பதால் அந்த விஷயத்தில் தைரியமாகச் சொல்வேன். இரவு நடன விடுதிகள், வாடகைக் கார் இரண்டையும் வேறு யாரிடமாவது கேளுங்கள். விலைகளையும் எழுதப்போவதில்லை, வருடத்துக்கு வருடம் மாறுகின்றன.

முதலில் கடல். லிஸ்பன் கடலோரத்தில் இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் ஊரின் நடுவில் நின்றால் நீங்கள் பார்ப்பது தேஜு ஆறு. ஆங்கில வரைபடங்களில் டேகஸ் என்று இருக்கும். கடலில் கலக்கும் முன் ஊருக்குக் கிழக்கே அது ஏரி மாதிரி அகன்று கிடப்பதால், முதல்முறை பார்ப்பவர்கள் எல்லோரும் இதையே கடல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உப்புக் காற்று, கடற்காகம், ஏற்றவற்றம் எல்லாம் உண்டு. குளிப்பதற்கு அது இடமில்லை. குளிக்க வேண்டுமென்றால் காய்ஷ் து சொத்ரே நிலையத்தில் கஷ்காய்ஷ் ரயிலில் ஏற வேண்டும், கடைசி நிலையம் வரை சுமார் நாற்பது நிமிடம். போகும்போது இடது பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். ஊரின் மேற்குப் பகுதியான பெலேம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ஆற்றின் வாய் தெரியும், நடுத் தண்ணீரில் வட்டமான கோட்டை ஒன்றும் அதன் மேல் கலங்கரை விளக்கமும் தனியாக நிற்கும், அதன் பெயர் புஜியு. அதற்கு அப்பால் அட்லாண்டிக். பாட்டியும் பேத்தியும் அலுக்காமல் வரக்கூடிய பயணம் என்று நான் உறுதியாகச் சொல்வது இந்த ரயிலைத்தான்.

ஆனால் தண்ணீர் குளிரும். ஜூனில் வெயில் சுள்ளென்று அடித்தாலும் கடல் 17, 18 டிகிரிதான் இருக்கும். கோடையில் வடக்கிலிருந்து விடாமல் அடிக்கும் காற்று மேல்தண்ணீரை வெளியே தள்ளிவிட, அடியிலிருக்கும் குளிர்ந்த நீர் மேலே வந்துவிடுகிறது, அதனால்தான் அப்படி. திருச்செந்தூரில் குளித்த பழக்கத்தில் ஓடிப்போய் விழுந்தால் மூச்சே நின்றுவிடும், கணுக்கால், முழங்கால் என்று மெதுவாக இறங்கச் சொல்லுங்கள் மகளிடம். கர்காவேலூஷ் கடற்கரை பெரியது, அலையும் பெரியது, அலைச்சறுக்கு பழகுபவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். குழந்தைக்கு கஷ்காய்ஷ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் சின்னச் சின்னக் கடற்கரைகள்தான் நல்லது, அலை அடங்கியிருக்கும், அம்மாவுக்கும் அதிகம் நடக்க வேண்டியிருக்காது. கொடியைப் பாருங்கள்: பச்சை என்றால் நீந்தலாம், மஞ்சள் என்றால் தண்ணீரில் நிற்கலாம், நீந்தக் கூடாது, சிவப்பு என்றால் கால்கூட நனைக்கக் கூடாது. காவலர்கள் விசில் ஊதினால் விளையாட்டுக்கு ஊத மாட்டார்கள். மாலையில் காற்று வலுக்கும், ஆளுக்கொரு மெல்லிய ஸ்வெட்டர் பையில் இருக்கட்டும்.

இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன், கசில்யாஷ் படகு. அதே காய்ஷ் து சொத்ரேயிலிருந்து எதிர்க்கரைக்குப் போகும் பயணிகள் படகு, வேலைக்குப் போகிறவர்கள் தினமும் ஏறுவது. பத்து நிமிடம்தான். மெட்ரோவில் பயன்படுத்தும் அட்டையில் பணம் ஏற்றி வைத்தால் அதையே இதற்கும் காட்டலாம். மணிக்கணக்கில் வரிசையில் நின்று, பெரிய காசு கொடுத்து ஏறும் சுற்றுலாப் படகுகள் காட்டும் அதே காட்சி இதில் கிடைக்கிறது. படகு கரையை விட்டு விலகியதும் திரும்பிப் பாருங்கள், தெருவில் நடக்கும்போது துண்டு துண்டாகத் தெரிந்த ஊர் அப்போதுதான் முழுசாக எழுந்து நிற்கும்: இடது கோடியில் சிவப்புத் தொங்குபாலம், நடுவில் மஞ்சள் சுவர்களுடன் பெரிய சதுக்கம், வலது மேட்டில் கோட்டை, அதன் சரிவில் அல்ஃபாமா என்ற பழைய குடியிருப்பின் வெள்ளை வீடுகள். வந்து இறங்கிய அன்று மாலையே இதில் போய்வரச் சொல்வேன், அடுத்த நாட்களில் எது எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

அக்கரையில் இறங்கியதும் பக்கத்திலேயே ஒரு பழைய பாய்மரப் போர்க்கப்பல் நிற்கும், பெரும்பாலான பயணிகள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நம் ஊர்க்காரர்கள் அவசியம் பார்க்க வேண்டும் என்பேன். தொம் ஃபெர்னாந்து இரண்டாவது இ க்ளோரியா என்பது பெயர். கட்டியது தாமனில், நம் மேற்குக் கடற்கரையில், நாகர் ஹவேலிக் காட்டுத் தேக்கை வெட்டி. 1843-ல் தண்ணீரில் இறக்கினார்கள். போர்ச்சுகலின் இந்தியப் பாதையில் ஓடிய கடைசிப் பாய்மரப் போர்க்கப்பல் இதுதான். 1963-ல் தீப்பிடித்து எரிந்து, ஆற்றுச் சேற்றில் பல வருடம் பாதி மூழ்கிக் கிடந்தது, பிறகு தூக்கியெடுத்து 1998 உலகக் கண்காட்சிக்காகப் புதுப்பித்தார்கள். எரிந்து போனது போக மிஞ்சிய அடிப்பகுதியை வைத்துத்தான் மறுபடி கட்டினார்கள், ஆகவே மேல்தளத்தில் நீங்கள் பார்க்கும் மரமெல்லாம் 1843-ஐச் சேர்ந்தது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். உள்ளே ஏணிப்படிகள் செங்குத்து. அம்மா கரையில் உட்காரட்டும், நீங்களும் மகளும் ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இக்கரைக்குத் திரும்பினால் அந்த மஞ்சள் சதுக்கம், ப்ராசா து கொமேர்சியு. சதுக்கத்தை விட அதன் ஆற்றோர விளிம்பு எனக்குப் பிடிக்கும். இரண்டு கல் தூண்கள், அவற்றுக்கு நடுவே தண்ணீருக்குள் இறங்கிப் போகும் படிக்கட்டு. வற்றும்போது பாசி பிடித்த கீழ்ப்படிகள் வெளியே தெரியும், ஏறும்போது அவை மூழ்கி, அலை தூண்களின் அடியை அறையும். மாலையில் உள்ளூர்க்காரர்கள் அங்கேதான் வந்து உட்காருகிறார்கள். கீழ்ப்படிகள் பயங்கரமாக வழுக்கும், மகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த இடத்தில் முன்பு அரண்மனை இருந்தது. 1755 நவம்பர் 1, புனிதர் அனைவர் திருநாள் காலை, தேவாலயங்களில் கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில் நிலநடுக்கம் வந்தது. இடிபாடுகளுக்குத் தப்பித் திறந்தவெளி தேடி ஆற்றோரம் ஓடிவந்தவர்கள் மீது கொஞ்ச நேரத்தில் ஆழிப்பேரலை ஏறியது. பிறகு நாள்கணக்கில் தீ. இவ்வளவும் நடந்தது என்பதில் சந்தேகமில்லை. எத்தனை பேர் செத்தார்கள் என்பதில்தான் ஆளுக்கொரு கணக்கு, வழிகாட்டி யாராவது ஒரு எண்ணை அடித்துச் சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். 2004 டிசம்பரைப் பார்த்தவர்கள் நாம், அந்தப் படிக்கட்டில் நின்றால் இந்தக் கதையை வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சதுக்கத்துக்குப் பின்னால் நேர்நேராகப் போகும் தெருக்கள் அந்த அழிவுக்குப் பிறகு அன்றைய தலைமை அமைச்சர் பொம்பால் பிரபுவின் காலத்தில் போட்டவை. சுவருக்குள்ளே மரச்சட்டக் கூடு வைத்து, அடுத்த நடுக்கம் வந்தாலும் கட்டடம் ஆடித் தாங்கும்படி கட்டினார்கள். மாதிரிக் கூட்டைச் சுற்றிப் படைவீரர்களை மிதித்து நடக்கவிட்டுச் சோதித்தார்கள் என்று ஒரு கதை உண்டு, அதைக் கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள். மேலே கார்மு மடம் இன்றைக்கும் கூரையில்லாமல் நிற்கிறது, வளைவுகள் மட்டும், நடுவில் வானம். லிஸ்பனில் ஒரே ஒரு கட்டடத்துக்குக் காசு கொடுத்து உள்ளே போக வேண்டும் என்றால் நான் அதற்குத்தான் கொடுப்பேன்.

அம்மாவின் மூட்டு விஷயத்துக்கு வருகிறேன். லிஸ்பன் முழுக்க மேடு, போதாததற்கு நடைபாதையெல்லாம் சின்னச் சின்னச் சுண்ணாம்புக் கல் பதித்தது, கால் பட்டுப் பட்டு வழவழவென்று ஆகியிருக்கும், தூறல் விழுந்தால் அவ்வளவுதான். ரப்பர் அடி வைத்த ஷூ இல்லாமல் அம்மாவை அழைத்து வராதீர்கள், நல்ல செருப்பு என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் வேண்டாம். ஏற்றத்தைத் தவிர்க்கச் சில வழிகள் இருக்கின்றன. கீழ் ஊரான பைஷாவிலிருந்து மேல் ஊரான ஷியாடுவுக்குப் போக, பைஷா ஷியாடு மெட்ரோ நிலையத்தின் கீழ் வாசலில் நுழைந்து நகரும் படிகளில் ஏறி மேல் வாசலில் வெளியே வந்துவிடலாம். சான்தா ஜுஷ்தா இரும்பு லிஃப்டின் நீண்ட வரிசையில் நிற்க வேண்டியதில்லை, 1902-ல் கட்டிய அந்த லிஃப்டைக் கீழேயிருந்து பார்த்தால் போதும். கோட்டைப் பக்கம் ஏற, ஃபான்கேய்ருஷ் தெருவில் ஒரு பொது லிஃப்ட் இருக்கிறது, அதில் ஏறிக் கொஞ்சம் நடந்தால் இன்னொன்று, இரண்டுக்கும் காசு இல்லை. நடக்கவே முடியாத நாளில் ஃபிகேய்ரா சதுக்கத்திலிருந்து 737 என்ற சின்னப் பேருந்து கோட்டை வாசல் வரை போகும். மேட்டில் ஏறும் கம்பிவட இழுவை வண்டிகளில் ஒன்றான க்ளோரியா 2025 செப்டம்பர் 3-ம் தேதி தடம்புரண்டு 16 பேர் இறந்தார்கள், அதன் பிறகு அந்தச் சேவைகளை நிறுத்திவைத்துச் சோதனை செய்தார்கள். எவை ஓடுகின்றன என்று வருவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள், பழைய பதிவுகளை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

28-ம் எண் டிராம் பற்றி எல்லோரும் கேட்பார்கள். வண்டி நிஜமாகவே அழகு, மரப் பெட்டி, இரண்டு பக்கமும் வீட்டுச் சுவர் கைக்கு எட்டும் தூரத்தில் உரசிக்கொண்டு போகும். ஆனால் பகல் பத்து மணிக்கு மேல் மார்த்தீம் மொனீஷில் ஏறப் பார்த்தால் ஒரு மணி நேரம் வெயிலில் நின்று, உள்ளே நசுங்கி, பர்ஸையும் பறிகொடுக்க வாய்ப்பு இருக்கிறது. ஜேப்படிக்காரர்கள் வேலை செய்யும் இடம் அதுதான், இதை ஒருபோதும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காலை எட்டு மணிக்கு முன், மறுமுனையான கம்போ து ஊரிக்கில் ஏறினால் அம்மாவுக்கும் ஜன்னலோரம் கிடைக்கும். முடியவில்லை என்றால் விட்டுவிடுங்கள், படகும் ரயிலும் தருவதை விட அதிகமாக இந்த டிராம் எதையும் தருவதில்லை.

இப்போது உங்கள் தேதிகள். ஜூன் 12 இரவுதான் இந்த ஊரின் பெரிய திருவிழா, 13-ம் தேதி ஊருக்கே விடுமுறை. நம்மவர்கள் பதுவை அந்தோணியார் என்று கும்பிடுகிறார்களே, உவரியிலும் கச்சத்தீவிலும் கோயில் கொண்டவர், அவர் பிறந்தது லிஸ்பனில். பிறந்த வருடம் 1195 என்பது மரபாகச் சொல்லப்படுவது, 1231-ல் பதுவையில் இறந்தார் என்பது உறுதி. பேராலயத்துக்குக் கொஞ்சம் கீழே, அவர் பிறந்த வீடு இருந்த இடமாகக் கருதப்படும் இடத்தில் சின்னக் கோயில் ஒன்று இருக்கிறது, நிலவறைக்குப் படி இறங்கிப் போகலாம். வீட்டில் அந்தோணியாரை வேண்டிக்கொள்ளும் பெரியவர்கள் இருந்தால் இதைத் தவறவிடாதீர்கள், நான் கூட்டி வந்த அம்மாக்களில் சிலர் பெலேம் கோபுரத்தை மறந்திருப்பார்கள், இந்த நிலவறையை மறந்திருக்க மாட்டார்கள். 13-ம் தேதி பிற்பகல் அங்கிருந்து அல்ஃபாமா வழியாகச் சுரூபப் பவனி புறப்படும்.

12-ம் தேதி சாயங்காலம் முதலே அல்ஃபாமா சந்துகளில் வீட்டு வாசலுக்கு வாசல் கரி அடுப்பு. மத்தி மீனை, எங்கள் பக்கம் சாளை என்போம், கல்லுப்பு போட்டு முழுசாகச் சுட்டு, ஒரு துண்டு ரொட்டியின் மேல் வைத்துக் கொடுப்பார்கள். தட்டு கிடையாது. மீனைக் கையால் பிய்த்துத் தின்னத் தின்ன அதன் எண்ணெயெல்லாம் ரொட்டியில் இறங்கும், அந்த ரொட்டியைக் கடைசியில் தின்பதுதான் முக்கியம். பெட்டிப் பெட்டியாகத் தொட்டிச் செடியும் விற்பார்கள், மன்ஜெரிக்கு என்று பெயர், உருண்டையாகக் குட்டி இலைகளோடு இருக்கும், காகிதப் பூவும் ஒரு சின்னக் கவிதைத் தாளும் செருகியிருக்கும். நம் திருநீற்றுப்பச்சிலையின் இனம்தான். மூக்கை வைத்து முகர்ந்தால் செடி வாடிவிடும் என்பது இங்கத்திய நம்பிக்கை, உள்ளங்கையை இலைமேல் வைத்துவிட்டுக் கையைத்தான் முகர்ந்து பார்ப்பார்கள். மகளுக்கு இதைச் செய்து காட்டுங்கள். கூட்டத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை: இரவு ஒன்பதரைக்கு மேல் அந்தச் சந்துகளில் நடக்க முடியாது, தள்ளப்படுவோம், இறங்கும் படிகளில் ஆட்கள் உட்கார்ந்து வழியே இருக்காது. ஆறு மணிக்குப் போய், சாப்பிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே அம்மாவையும் குழந்தையையும் வெளியே கொண்டுவந்துவிடுங்கள். ஜூனில் ஒன்பது மணிக்குத்தான் சூரியன் மறையும், ஆகவே நேரம் இருக்கிறது. அவெனீடா த லிபெர்தாதேயில் இரவு நடக்கும் ஊர்வலத்தை அறையில் டிவியில் நேரலையாகப் பார்க்கலாம், அம்மாவுக்கு அதுவே வசதி.

லிஸ்பனின் சோகப் பாட்டான ஃபாது இசையைக் கேட்க அந்த இரவு லாயக்கில்லை, தெருவெல்லாம் ஒலிபெருக்கி. 11-ம் தேதியோ 13-ம் தேதியோ போங்கள். 2011-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த பிறகு ஃபாது என்ற பெயரில் என்னென்னவோ விற்கிறார்கள். பாடகர் மைக் இல்லாமல் பாடுகிற, பத்துப் பதினைந்து மேசைக்கு மேல் இல்லாத இடமாகப் பாருங்கள், குறைந்தபட்சச் செலவு எவ்வளவு என்று உட்காருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். விளக்கைக் குறைப்பார்கள், பன்னிரண்டு நரம்புள்ள போர்த்துகீசிய கித்தார் தொடங்கும், அதன் பிறகு ஒரு ஸ்பூன் சத்தம்கூடக் கேட்கக் கூடாது, பரிமாறுபவரும் நின்ற இடத்தில் நிற்பார். மகள் தூங்கிவிழுந்தால் பரவாயில்லை, பேசினால்தான் தப்பு. மொழி புரியாதே என்று தயங்க வேண்டாம், கச்சேரியில் தெலுங்குக் கீர்த்தனை கேட்டுப் பழகிய நமக்கு அது ஒரு தடையா என்ன.

பெலேமுக்கு அரை நாள் போதும். 15-ம் எண் டிராம் அல்லது ரயில். கோபுரத்தை வெளியிலிருந்து பார்த்தாலே அதன் அழகெல்லாம் தெரிந்துவிடும், உள்ளே குறுகலான சுழல் படி, அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம். ஜெரோனிமுஷ் மடத்துக் கோயிலில் வாஸ்கோ ட காமா கல்லறை இருக்கிறது. அவர் 1524-ல் இறந்தது கொச்சியில், முதலில் புதைத்ததும் அங்கேதான், பிறகுதான் போர்ச்சுகலுக்குக் கொண்டுவந்தார்கள். கல்லில் கப்பலும் புகழும் மட்டும் இருக்கும். 1502-ல் மெக்காவிலிருந்து திரும்பிய யாத்திரிகர் கப்பலை ஆட்களோடு கொளுத்தியவரும் இவர்தான், மகளுக்கு வயது வரும்போது அதையும் சொல்லுங்கள். இதே மடத்தின் ஒரு பகுதியில் இருக்கும் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் தமிழர்களுக்கு மிக முக்கியமான ஒரு சிறு புத்தகம் இருக்கிறது: 1554-ல் லிஸ்பனில் அச்சான கார்த்தில்யா. தமிழை ரோமன் எழுத்தில் வைத்து அச்சிட்ட கிறிஸ்தவப் போதனை நூல். தமிழ் எழுத்தில் தம்பிரான் வணக்கம் கொல்லத்தில் அச்சானதற்கு, அதாவது 1578-க்கு, இருபத்து நான்கு வருடம் முன்னால். தமிழ் முதலில் அச்சேறியது இந்த ஆற்றங்கரையில்தான். அருங்காட்சியகத்தைச் சீரமைப்புக்காக 2022-ல் மூடினார்கள், திறந்துவிட்டார்களா என்று பாருங்கள், திறந்திருந்தாலும் இந்த நூல் காட்சியில் இருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். மடத்தின் வாசலில் நின்று மகளிடம் சொல்லுங்கள், அதற்கு டிக்கெட் தேவையில்லை.

பக்கத்திலேயே 1837 முதல் நடக்கும் பாஷ்தேய்ஷ் து பெலேம் கடை. தெருவில் நீளும் வரிசை பார்சல் வாங்குபவர்களுடையது, உள்ளே அறை அறையாக மேசைகள் இருக்கின்றன, நேரே உள்ளே போனால் பெரும்பாலும் சீக்கிரம் இடம் கிடைக்கும். சூடாக இருக்கும்போதே பட்டைத்தூள் தூவிச் சாப்பிட வேண்டும். பிறகு ஆற்றோரமாகப் பாலத்தை நோக்கி நடந்தால், வண்டிகள் இரும்புச் சல்லடைத் தளத்தில் ஓடும் ரீங்காரம் ஒரே சுதியில் மேலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கும். 1966-ல் திறந்தபோது பாலத்துக்கு சர்வாதிகாரி சலாசாரின் பெயர், 1974 ஏப்ரல் 25 புரட்சிக்குப் பிறகு அந்தத் தேதியே அதன் பெயர்.

சாப்பாட்டில் இரண்டு மூன்று விஷயம். உட்கார்ந்ததும் ரொட்டி, ஒலிவ், பாலாடைக்கட்டி என்று கேட்காமலே கொண்டுவந்து வைப்பார்கள், தொட்டால் காசு. வேண்டாம் என்று திருப்பி அனுப்புவது மரியாதைக் குறைவில்லை, நீங்கள் கேட்காமல் வைத்து, தொடாமலும் இருந்தால் காசு வாங்கக் கூடாது என்பது சட்டம். சைவம் என்றால் பழைய உணவகங்களில் கஷ்டம்தான். கால்து வேர்து என்ற கீரை சூப்பைச் சைவம் என்று நினைத்து ஆர்டர் செய்வார்கள், அதில் பன்றி இறைச்சித் துண்டு மிதக்கும். மார்த்தீம் மொனீஷ் பக்கம் இந்திய, நேபாள, வங்காளதேசக் கடைகள் ஏராளம், அம்மாவுக்குச் சோறும் பருப்பும் அங்கே கிடைக்கும். அப்புறம், பைஷா தெருக்களில் கஞ்சா வேண்டுமா என்று காதோரம் முணுமுணுக்கும் ஆட்கள் வருவார்கள், பதில் சொல்லாமல் நடந்துவிட்டால் போய்விடுவார்கள்.

சிந்த்ரா வேண்டாம் என்பதே என் கருத்து. அழகில்லை என்று சொல்லவில்லை, ஆனால் ஒரு நாள் முழுக்கப் போகும், அரண்மனைகள் எல்லாம் மேட்டில், ஜூனில் பேருந்துக்கும் வாசலுக்கும் தனித்தனி வரிசை, மூட்டுவலியோடு வருபவருக்கு அது தண்டனை. அந்த நாளை கஷ்காய்ஷ் ரயிலுக்குக் கொடுங்கள். 14-ம் தேதி காலை மகளுக்காக ஓஷனேரியம் வைத்துக்கொள்ளலாம், சமதரை, லிஃப்ட் உண்டு, நடுவில் மாடி உயரத் தொட்டியில் சுறாவும் திருக்கையும் சுற்றிக்கொண்டிருக்கும், அம்மா எதிரில் உட்கார்ந்தே பார்க்கலாம். மெட்ரோவில் ஓரியென்த் நிலையத்தில் இறங்க வேண்டும். பெட்டிகளை விடுதியிலேயே வைத்துவிட்டுப் போய், திரும்பி எடுத்துக்கொள்வது நல்லது, ஓரியென்திலிருந்து விமான நிலையம் அதே சிவப்பு வழித்தடத்தில் மூன்றாவது நிறுத்தம்.